கடையில் ஓடும், வீட்டில் அணையும்

"யக்கா, மறுபடியும் பொசுக்குனு போயிட்டு! ஆட்டத்துக்கு நடுவுல. அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது."

போனில் சங்கரி. நான் அப்போது பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் பில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் லாரியிலிருந்து பல்லாரி வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து, "என்னம்மா, பொழைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முந்தாநாள்தான் சங்கரியின் மிஷினை என் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். வந்த கோபத்துக்கு கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வீசியிருப்பேன். வீசினால் மூட்டைகளுக்கு இடையில் போய்விடும், தேட முடியாது. அதனால் வீசவில்லை.

என் பெயர் கலா. தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், "அக்கா, உங்களை ரொம்ப அலைக்கழிச்ச கேஸ் எது?" என்று கேட்பார்கள். வைரஸ், வெடித்த போர்டு, எலி கடித்த கேபிள் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அது எதுவும் இல்லை. சங்கரியின் மிஷின்தான். ஒரு குற்றால சீசன் முழுக்க என்னைப் பைத்தியமாக்கியது அது.

விளையாடுவதுதான் வேலை

சங்கரிக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யாரிடம் சொன்னாலும் சிரித்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். விண்டோஸுக்காகச் செய்த கேம்கள் லினக்ஸில் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஆடிப் பார்த்து, எங்கே திக்குகிறது, எங்கே படம் கிழிகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியூர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. ஆனால் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை, சோதனைக் காலம். வாரம் ஒருமுறை டீம் மொத்தமும் நேரலையில் பார்க்க ஆடிக் காட்ட வேண்டும்.

வீடு மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டிலேயே. அப்பா போலீசில் ஏட்டு. தெருவே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். நான் முதல்முறை அந்த வீட்டுக்குப் போனபோதே அவர் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, ஒரு வெளையாட்டுப் பெட்டிக்கு இம்புட்டு வைத்தியமா? எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிட்டின்னு சொல்லுதேன், கேக்காளா? திருநெல்வேலில கோச்சிங்குக்கு எல்லாம் பேசி வச்சிருக்கேன்."

"அப்பா, இதுவும் வேலைதான்."

"கண்ணு முழிச்சு துப்பாக்கி சுடுத. அதை நெசமாவே சுட்டா கவருமெண்டு சம்பளம் தரும்லா?"

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒப்பந்தம் சிரிப்பு இல்லை. இந்த வேலை நிலைத்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நிலைக்காவிட்டால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு அவள் திருநெல்வேலி ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். அந்தப் பிள்ளை இந்த வேலைக்காக எவ்வளவு படித்தது என்று எனக்குத் தெரியும். லினக்ஸில் எனக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பேன்.

புலம்பாமல் செத்தது

கேம் ஆட ஆரம்பித்து நன்றாகச் சூடு பிடிக்கும் நேரத்தில் மிஷின் பொட்டென்று போய்விடும். கொஞ்சம் கழித்துத் தானாகவே முதலிலிருந்து கிளம்பி வரும். மெயில், பிரவுசர், வீடியோ எதற்கும் ஒன்றும் ஆவதில்லை. கேமுக்கு மட்டும்தான்.

என் கடைக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "லினக்ஸைத் தூக்கிட்டு விண்டோஸப் போட்டு விடும்மா. லினக்ஸ்ல யாரு கேம் ஆடுவா?"

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு வேலையே லினக்ஸ்ல ஆடுறதுதான். மீன் கடைக்காரன்ட்ட போயி மீனு நாறுது, கத்திரிக்கா வித்துப் பாருன்னு சொல்வேளா?"

அவர் தன் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். எனக்கும் பாதி சந்தேகம் லினக்ஸ் மேல்தான் என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

லினக்ஸில் ஒரு நல்ல பழக்கம், தான் செய்வதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டே போகும். ஜர்னல் என்போம். போன தடவை ஓடினபோது கடைசியாக என்ன எழுதியது என்று பார்த்தேன். நெட்வொர்க் பற்றி ஏதோ ஒரு சாதாரண வரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கெர்னல் குழம்பிய அடையாளம் இல்லை, கிராபிக்ஸ் டிரைவர் அழுத அடையாளம் இல்லை.

இதைக் கவனியுங்கள். மென்பொருள் சாகும்போது எதையாவது புலம்பிவிட்டுத்தான் சாகும். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அறுந்து கிடந்தால், புலம்பக் கரண்ட் இல்லை என்று அர்த்தம். ஆக லினக்ஸ் குற்றவாளி இல்லை. எங்கேயோ பவரில் கோளாறு.

அப்பாடா என்று இருந்தது. பவர் என்றால் பிடித்துவிடலாம். நான் பிறகு பட்ட பாட்டுக்கு அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

நான் நின்றால் அணையாது

கடையில் சி.பி.யூ.வையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே சமயத்தில் முழு மூச்சாக ஓட விட்டேன். சங்கரி ஆடுகிற அதே கேமை ஓட விட்டேன். அணையவே இல்லை. வீட்டுக்குப் போனதும் அணைந்தது.

மிஷினுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். அதே ரகத்தில் இன்னொன்று மாற்றினேன். கடையில் ஓடியது, வீட்டில் அணைந்தது. ராமை டெஸ்ட் செய்தேன், சுத்தம். வேகத்தைக் குறைத்து வைத்தேன், பிரயோஜனம் இல்லை. வீட்டு லைன்தான் என்று முடிவு கட்டி, மல்டிமீட்டரோடு போய் எர்த் பார்த்தேன், சுவிட்ச் போர்டைக் கழற்றி மாட்டினேன், தனி லைன் இழுக்க வைத்தேன், யூ.பி.எஸ். ஒன்றும் மாட்டி விட்டேன்.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கிளம்பும் முன் போன் போடுவேன். "வாரேன்" என்பேன். போனால் வீடு துடைத்து வைத்த மாதிரி இருக்கும். சங்கரியின் அம்மா சிரித்த முகமாக டீயும் மிக்சரும் கொண்டு வருவார்கள். நான் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். சங்கரி ஆடுவாள். மணிக்கணக்கில் ஆடுவாள். வெளியே சாரல் அடித்துக்கொண்டே இருக்கும், மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான் தென்காசி திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றும்போது போன் வரும்.

"யக்கா, இப்பதான் போச்சு."

"ஏட்டி, நான் இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

"ஒங்களப் பாத்தா அதுக்குப் பயம் போல."

ஏட்டையா ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க ஸ்டேஷன்லயும் இப்படி ஒருத்தன் உண்டும்மா. இன்ஸ்பெக்டர் நின்னா ஒழுங்கா எழுதுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு. ஒரு டம்ளர் டீயை முழுதாகக் குடித்து முடிப்பதில்லை, பாதியில் எழுந்து எதையாவது அளக்கப் போய்விடுவேன். மற்ற கஸ்டமர்களிடம் எரிந்து விழுந்தேன். அச்சன்புதூரிலிருந்து பிரிண்டர் கொண்டு வந்த ஒரு வாத்தியார், "நான் நாளைக்கு வாரேம்மா" என்று வாசலோடு திரும்பிப் போய்விட்டார், பாவம்.

பாவூர்சத்திரத்தில் எனக்கு போன் வந்த அன்று கம்பெனிக்காரர்கள் சங்கரியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மதியம் நிறுத்தாமல் ஆடிக் காட்டுகிற ஒரு நீண்ட ஓட்டம். அதையும் பார்ப்போம். அதிலும் அணைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

"வெள்ளிக்கெழமையும் போச்சுன்னா அவ்வளவுதான்க்கா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி

பல்லாரி மூட்டைக்கு நடுவிலேயே நின்றுகொண்டு கேட்டேன். "சங்கரி, அழாம சொல்லு. அது போகும்போது ஃபேன் சத்தம் இருக்குமா, நின்னுருமா?"

"நின்னுரும். வீடே அமைதியாயிரும். கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது. அப்புறம் தானா கெளம்பி வரும்."

அட கடவுளே! இத்தனை நாளும் அவள் ரீபூட் ஆகிறது என்று சொன்னாள், நானும் ரீபூட் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரீபூட் ஆகிற மிஷினில் ஃபேன் நின்று அமைதியாகாது. இது முழுசாக அணைந்து, பிறகு உயிர் வருகிறது. அடிக்கடி கரண்ட் போகிற ஊர் என்பதால், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் அவளே வைத்திருந்தாள். அதனால்தான் பார்ப்பதற்கு ரீபூட் மாதிரி இருந்திருக்கிறது.

"நான் மாட்டி விட்ட யூ.பி.எஸ். கத்துச்சா?"

"இல்லக்கா, கத்தவே இல்ல."

யூ.பி.எஸ். கத்தவில்லை என்றால் வீட்டுக் கரண்ட் போகவில்லை. எஸ்.எம்.பி.எஸ். தானாகவே மூச்சை நிறுத்துகிறது. பாரம் தாங்காமல் என்றால் என் கடையிலும் நிறுத்தியிருக்கும். மிச்சம் ஒன்றுதான், சூடு. சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்து, ஆறினதும் எழுந்திருக்கிற ரகம் அது.

ஆனால் சி.பி.யூ. சூடு, கிராபிக்ஸ் கார்டு சூடு இரண்டையும் நான் பதிவு எடுத்திருந்தேன், இரண்டும் குளிர்ச்சி. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சூடு சொல்லும் சென்சார் அதில் கிடையாது. அது எவ்வளவு வெந்தாலும் திரையில் எனக்குத் தெரியாது. சரி, சாரல் அடிக்கிற வீட்டில், என் கடையைவிடக் குளிர்ந்த அறையில், அது மட்டும் ஏன் வேகிறது? அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன்.

சொல்லாமல் போனேன்

மறுநாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பில்லிங் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மழைக்கு போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வண்டிக்குள் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மேலகரம் தாண்டும்போது இருப்புக் கொள்ளவில்லை. வண்டி தானாகத் திரும்பியது போல சங்கரி வீட்டு வாசலில் போய் நின்றேன். போன் போடவில்லை. கவரைப் பிரிக்கச் சோம்பல், அவ்வளவுதான் காரணம். புத்திசாலித்தனம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

கதவு திறந்துதான் கிடந்தது. "சங்கரி!" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். அவள் காதில் ஹெட்செட், முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு காக்கி சட்டை, இரண்டு பனியன், சாக்ஸ். காக்கி பேன்ட் மட்டும் கயிற்றில் இல்லை. நாலாக மடித்து கேபினெட்டின் பின்பக்கம், எஸ்.எம்.பி.எஸ். காற்று வெளியே தள்ளுகிற ஓட்டை மேலேயே, ஒரு முக்காலியை முட்டுக் கொடுத்து இறுக்கி வைத்திருந்தது. அதிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

அடுக்களையிலிருந்து வந்த சங்கரியின் அம்மா என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்கள். "ஐயய்யோ, கலா! ஒரு போன் போட்டுட்டு வரப்படாதா? வீடு கெடக்க கெடைய பாரு!" என்று பாய்ந்து பேன்ட்டை உருவப் போனார்கள்.

"தொடாதீங்க யக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் சங்கரி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டாள்.

"யக்கா, அப்படியே இருக்கட்டும். கைய எடுங்க. சங்கரி, நீ ஆடு."

"என்னத்துக்குக்கா?"

"ஆடுட்டி, சொல்லுதேன்!"

ஆடினாள். நாங்கள் இரண்டு பேரும் ஈர பேன்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது, ஃபேன் நின்றது, அறையே அமைதியானது. நான் கைதட்டிக் குதித்தேன். அணைந்த மிஷினைப் பார்த்து ஒரு மெக்கானிக் குதிப்பதை அந்த அம்மா அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள்.

பேன்ட்டை எடுத்துவிட்டு மறுபடி ஆட வைத்தேன். லாட்ஜ்காரர் எத்தனை தடவை கூப்பிட்டாரோ, போன் கவருக்குள் கிடந்தது. மிஷின் அணையவே இல்லை.

"இந்தச் சாரல்ல காக்கி எப்படிக் காயும், நீயே சொல்லு" என்றார்கள் அந்த அம்மா. "இவ அப்பா சீசன் டூட்டின்னு அருவிக்கரையிலயே நிக்காவ. தெனமும் தொப்புத் தொப்புன்னு நனைஞ்சு வாராவ. இருக்கது ரெண்டு செட்டு. ஈரத்தோட போனா நெஞ்சுச்சளி கட்டிரும். இந்தப் பெட்டிக்குப் பின்னால கை வச்சுப் பாத்தேன், நல்லா கதகதன்னு வந்துச்சு. இவ மெயில் பாக்கும்போது அவ்வளவா வராது, வெளையாடும்போதுதான் நல்லா வரும். அப்ப கொண்டாந்து வைப்பேன். நீ வாரேன்னு போன் போட்டதும் எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சிருவேன். வெளியாள் வரும்போது போலீஸ்காரர் பேன்ட்டு நடுவீட்டுல கெடந்தா நல்லாவா இருக்கும்?"

சங்கரியைப் பார்த்தேன். "ஒனக்குத் தெரியாதா?"

"அது எப்பவும் அங்கனதானக்கா கெடக்கும்" என்றாள். சொல்லி முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஜர்னல் பாருங்கள், மீட்டர் வையுங்கள், உதிரி மாற்றிப் பாருங்கள், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நாம் வருகிறோம் என்றதும் வீடு வேறு வீடாகிவிடுகிறது. நாம் இல்லாதபோது அந்த மிஷின் எந்தக் கோலத்தில் இருக்கிறது என்று பார்க்க வழி தேடுங்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாலும் சரிப்படாது, அதற்கும் ஒதுங்க வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை

கோளாறு பிடிபட்ட பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மேலகரம் போய்விட்டேன். கயிற்றை அவிழ்த்தேன். மிஷினைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். ஓட்டம் முடிகிற வரை அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், ஹீட்டர் எதையும் வீட்டில் போடக்கூடாது என்று சட்டம் போட்டேன். சங்கரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முன்னறையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

ஓட்டம் பாதியில் இருக்கும்போது ஏட்டையா சாப்பிட வந்தார். தலையிலிருந்து கால் வரை தண்ணீர். அருவியில் கூட்டம் தாங்கவில்லை, சாப்பிட்டதும் திரும்ப நிற்க வேண்டும் என்றார். கைலி மாற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தவர், "அந்த இன்னொரு செட்ட எடு" என்றார்.

"அதுவும் ஈரமாத்தான் இருக்கு" என்றார்கள் அம்மா. "தேய்க்கவும் முடியாது, கலா எதையும் போடக்கூடாதுன்னுட்டா. கொஞ்ச நேரம் மட்டும் உள்ள கொண்டு போயி அந்தப் பெட்டிக்குப் பின்னால..."

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் ஏட்டையாவே சொன்னார். "ஏட்டி, அங்கன கொண்டு போகாத. இங்கன தா."

வாங்கினார். கொல்லைப்பக்கம் போய் முறுக்கிப் பிழிந்தார். உதறி, அப்படியே மாட்டிக்கொண்டு வந்தார். நடக்கும்போது துணி காலோடு ஒட்டியது. சாத்தின கதவுக்குப் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே சங்கரி இங்கிலீஷில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அணையாதுல்லாம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அணையாது ஏட்டையா."

வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்யவில்லை. அந்த மழையில் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்துத்தான் உதைத்தார்.

சங்கரி வெளியே வந்தபோது ஹெட்செட் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஓடிட்டுக்கா! கடைசி வரைக்கும் ஓடிட்டு. டீம்ல சேத்துக்கிட்டோம்னு அங்கனயே சொல்லிட்டாவ." அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், சோற்றில் கை வைக்காமல் நிமிர்ந்தாள்.

"மத்தியானம் மாத்த இருந்த செட்டும் ஈரமாத்தானம்மா கெடந்துச்சு? அப்பா எதப் போட்டுட்டுப் போனாவ?"

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார்கள். சங்கரி என்னைப் பார்த்தாள்.

"ஈரத்தைத்தான்" என்றேன்.

தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "யக்கா, என்னைய அருவிக்குக் கொண்டு போயி விடுதியளா?"

போனோம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனால், கயிறு கட்டின இடத்தில் ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். அருவி அடிக்கிற அடியில் தண்ணீர் புகையாக அவர் மேல் வந்து விழுந்தது. அவர்தான் எங்களை முதலில் பார்த்தார். மகள் நனைந்துகொண்டு ஓடி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"அணைஞ்சிட்டா?" என்று கத்தினார்.

சங்கரி இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினாள். அருவிச் சத்தத்தில் அவள் சொன்னது கேட்டிருக்காது. ஆனால் அவள் சிரிப்பது தெரிந்தது. ஏட்டையா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் சும்மா நின்றிருந்த ஒரு ஆளைப் பார்த்து நீளமாக விசில் ஊதினார்.